மணிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பல்பு

எங்கள் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின்காரர்களில் பத்து விரலும் முழுசாக இருப்பது என் அக்காவுக்கு மட்டும்தான். பக்கத்து மெஷின்காரரை எல்லோரும் 'ஒன்பதரை' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி விரல் காகிதக் கட்டோடு போய்விட்டது. இத்தனைக்கும் அவருக்குப் பாம்புக் காது. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மேஜையில் இடுப்பை ஒட்டி நின்று, கத்தி இறங்குவதை அதிர்விலேயே தெரிந்துகொள்வாள். பதினோரு வருடமாக அப்படித்தான்.

புது மேனேஜர் வந்ததும் ஒரு மணி மாட்டினார். அது அடித்தால் ஆபத்து, எல்லோரும் மெஷினை நிறுத்த வேண்டும். அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: 'மணிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பல்பு போடுங்கள். மணி அடிக்கும்போது எரியட்டும்.'

"ஒருத்திக்காக வயரிங்கையே மாத்தணுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அதே கட்டடத்தில் பைண்டிங் பகுதியில் இருக்கிறேன். மறுவாரமே அக்காவுக்கு 'பாதுகாப்புக் காரணத்தால் பணிநீக்கம்' என்று கடிதம் வந்தது. அக்கா அழவில்லை. கடிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு, "வக்கீல்கிட்ட போலாம்" என்று கையால் சொன்னாள்.

வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை. "உங்க அக்கா கேட்டது சலுகை இல்லம்மா, உரிமை. செய்யக்கூடிய சின்ன மாத்தத்தை செய்ய மாட்டேன்னு சொன்னதே பாகுபாடுதான். வேலையை விட்டு எடுத்தது அதுக்கு மேல. வேலை, விட்டுப்போன சம்பளம், பட்ட அவமானத்துக்கு இழப்பீடு, மூணையும் கேக்கலாம். எவ்வளவு வரும்னு இப்பவே அளந்து விட மாட்டேன். ஆனா புகாருக்குக் கெடு இருக்கு, நாளைக் கடத்தாதீங்க. பல்பு கேட்டு எழுதினதுக்கு நகல் இருக்கா?"

இருந்தது. எதை எழுதிக் கொடுத்தாலும் அக்கா போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வாள். பட்டுத் தெரிந்துகொண்ட பழக்கம்.

அந்த வாரமே புகார் கொடுத்தோம். விசாரணை நாளில், புகாரை விசாரித்த அதிகாரி கம்பெனியின் கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, சத்தமாகப் படித்தார்: "விளக்கம் கேட்க மூன்று முறை தொலைபேசியில் அழைத்தோம். ஊழியர் பதில் பேசவில்லை. எனவே அவருக்கு ஆட்சேபணை இல்லை என்று முடிவு செய்தோம்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேனேஜரைப் பார்த்தார். "காது கேக்காதுன்னு வேலையை விட்டு எடுத்தவங்களுக்கா போன் பண்ணீங்க? தங்கச்சி இருபது அடி தள்ளி வேலை பாக்குதே, அதுகிட்டயாவது சொல்லலாம்ல?"

சைகை மொழிபெயர்ப்பாளர் அதை அக்காவுக்குச் சொன்னதும் அக்கா சிரித்தாள். அவள் சிரிப்பு பெரிய சிரிப்பு. எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து வெளியிடங்களில் அவள் கையை இழுத்து அடக்குவது என் வேலை. அன்றைக்கு நான் இழுக்கவில்லை.

மறுநாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தீர்ப்பு வரைக்கும் எதுக்கும்மா? சமாதானமா போயிடலாம். நஷ்டஈடு கொஞ்சம் கூடவே தர்றோம். வேலை மட்டும் கேக்க வேணாம்."

பொய் சொல்வானேன், எனக்கு மனசு ஆடியது. என் வேலையும் அங்கேதானே. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து, தலைக்கு மேலே தொங்கிய பல்பைக் காட்டி, கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினாள். இல்லை என்று தலையாட்டினேன். "அப்போ முடியாது" என்று கையை உதறிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கேட்ட மூன்றும் கிடைத்தது. பல்பும்.

அக்கா திரும்பி வந்த முதல் நாள், எல்லா மெஷினும் ஓடும்போது மேனேஜர் சோதனைக்கு ஸ்விட்சைப் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின்களின் இரைச்சலில் ஒன்பதரை உட்பட ஒருவரும் திரும்பவில்லை.

சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து முதலில் மெஷினை நிறுத்தியது அக்கா. அவள் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் காது கேட்கிறவர்கள் எல்லோரும் நிறுத்தினார்கள்.