முப்பது நாள் ஒத்திகை

என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் ஓய்வு பெறும் நாள் நெருங்கும்போதுதான் ஓய்வுக்காலத்தை நினைத்துத் தலையில் கை வைப்பார்கள். இந்த மனுஷன் முப்பது வயதிலேயே அதற்கு ஒத்திகை பார்க்க ஆரம்பித்தவர்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வருஷத்தில் ஒரு மாதம் சம்பளத்தைத் தொட மாட்டார். வங்கியிலும் பத்திரங்களிலும் போட்டு வைத்திருக்கும் சேமிப்புக்கு ஒரு மாதத்தில் எவ்வளவு வட்டி வருமோ, அதை மட்டும் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுப்பார். வீடு அதில்தான் ஓட வேண்டும். அது தீர்ந்த அன்று, "சரி, இந்த வருஷம் இவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுச் சம்பளத்தை எடுப்பார். என்றைக்கு அந்த வட்டி ஒரு மாதம் முழுக்கச் சோறு போடுகிறதோ, அன்றைக்கு வேலையை விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு.

முதல் வருஷம் என்ன ஆயிற்று தெரியுமா? வட்டி, முதல் நாள் காலை டீயோடு தீர்ந்துபோனது. எனக்குக் கொடுத்த டீயும் அதில் சேர்த்தி.

"ரிட்டயர் ஆனப்புறம் காலைல ஒரு டீயக் குடிச்சிட்டு நாள் பூரா படுத்துக்குவீங்களா அத்தான்?" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரி மாப்ளே, நல்லா சிரி. அடுத்த வருஷம் மத்தியானச் சாப்பாட்டுக்கும் வா."

நான் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கையில் காசு வந்தால் அது செலவாகும்வரை எனக்குத் தூக்கம் வராது. இவரோ சம்பளம் உயர்ந்தால், உயர்ந்ததில் பாதியை அப்படியே சேமிப்பில் போடுவார். அக்காவே கிண்டல் செய்வாள். "சிறுகக் கட்டிப் பெருக வாழ்னு சொல்வாங்க. இவர் கட்டிக்கிட்டே இருக்கார், வாழறது எப்பன்னுதான் தெரியல!" ஆனால் அந்த வீட்டில் யாரும் எதற்கும் ஏங்கி நின்றதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒத்திகை வருஷத்துக்கு வருஷம் நீண்டது. ஒரு வாரம் ஓடியது, பத்து நாள் ஓடியது. அவருடைய நாற்பத்தைந்தாவது வயதில் பாதி மாதத்தைத் தாண்டியதும் நானும் கூடவே நாள் எண்ண ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு இதயத்தில் கோளாறு. உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார்கள்.

"வேணாங்க, அந்தப் பணத்த மட்டும் தொடாதீங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அழுதாள்.

"நீ சும்மா இரு" என்றவர், சேமிப்பில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உடைத்து ஆஸ்பத்திரியில் கட்டினார். அக்கா பிழைத்தாள்.

அடுத்த வருஷம் ஒத்திகை இருக்காது என்றுதான் நினைத்தேன். இருந்தது. இரண்டாம் நாளே பணம் தீர்ந்தது. "சரி, இந்த வருஷம் இவ்ளோதான்" என்றார், அதே குரலில். நானாக இருந்தால் சுவரில் முட்டிக்கொண்டிருப்பேன். யப்பா, இது என்ன நெஞ்சு! மறுநாள் காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அறுபது வயதாயிற்று. லிஃப்ட் குழிக்குள் ஏணியில் ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்துவிட்டது. தினமும் ஏறினால் நடையே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓய்வா, இன்னும் சில வருஷம் வேலையா என்று கம்பெனி கேட்டது. "ஒத்திகை முடியட்டும், சொல்றேன்" என்று வந்துவிட்டார்.

அந்த மாதம் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அக்கா டீயில் பாலைக் குறைத்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். "ஏமாத்தி ஓட்டினா அது ஒத்திகை இல்லம்மா."

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் பணம் தீர்ந்தது. இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பையில் இருந்ததை எடுத்து மேசையில் போட்டேன். "இந்தாங்க, ரெண்டு நாளைக்கு! முடிஞ்சுதா?"

"இது மாசா மாசம் வருமா மாப்ளே?"

போட்ட பணத்தை எடுத்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன்.

அக்கா தலை நிமிராமல் சொன்னாள். "அந்த ரெண்டு நாளும் என்னாலதான் போச்சு. ஆஸ்பத்திரில கட்டாம இருந்திருந்தா, எப்பவோ முப்பது நாளும் தேறியிருக்கும்."

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். "நீ இல்லாம முப்பது நாளு தேறி, அத வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணப் போறேன்?"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

பிறகு அவரே சொன்னார். "ரெண்டு நாள்தானே? ஏணி ஏறாத வேலையாப் பாத்து, மாசத்துல ரெண்டு நாள் மட்டும் வரேன்னு கம்பெனில சொல்லிடறேன். மீதி இருபத்தெட்டு நாளும் உன்கூட."