குளுருதா கண்ணு?

எனக்குக் குளிரவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், மாதா கோயிலில் பின் பெஞ்சில் இருந்தவர்கள், காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையை நீட்டியவர்கள், எல்லோரும் என் கையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"ஏங்கண்ணு, குளுருதா?"

ஏற்காட்டில் இப்படி ஒரு கையோடு பிறந்தால் இதுதான் கதி. தோளிலிருந்து முழங்கை வரை சின்னச் சின்னப் பொரியாக, புல்லரித்த மாதிரியே வருஷம் முழுக்க இருக்கும் தோல் எனக்கு. கீழே சேலத்தில் பிறந்திருந்தால் வேர்க்குரு என்று நினைத்து விட்டிருப்பார்கள். இங்கே மலை. புல்லரித்த கை என்றால் குளிர், குளிர் என்றால் ஸ்வெட்டர். மே மாதத்தில் வெளியூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து ஏரிக்கரையில் அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருக்க, நான் மட்டும் மெரூன் ஸ்வெட்டருக்குள் வெந்துகொண்டு நிற்பேன். கம்பளி உரசினால் பொரி இன்னும் சிவக்கும். சிவந்தால் இன்னும் அதிகமாகக் குளிர்கிறது என்று அர்த்தமாம். ஸ்வெட்டருக்கு மேலே ஒரு மப்ளர் வரும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் ஆத்திரமே அதில்தான். பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பலாக்காய்' என்று கூப்பிட்ட பிள்ளைகளோடு சண்டை போட்டேன், ஒருத்தியை நன்றாகக் கிள்ளினேன், அதோடு தீர்ந்தது. அக்கறையாகக் கேட்பவர்களைக் கிள்ள முடியுமா?

ஸ்வெட்டர் மாட்டிவிட்டவர்களாவது பரவாயில்லை. என் பெரியம்மா ஒரு நாளும் குளுருதா என்று கேட்டதில்லை. பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. அம்மா எஸ்டேட் ஆபீசுக்கு வேலைக்குப் போனதால், தலைச்சோலைக் கிராமத்தில் பக்கத்து வீட்டிலிருந்த பெரியம்மாதான் என்னைக் குளிப்பாட்டுவது, தலை சீவிவிடுவது எல்லாம். அவருக்கு என் கையில் இருந்தது குளிர் இல்லை, அழுக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தாலே நான் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வேன். மறுநாள் பூசைக்குச் சுத்தமாகப் போக வேண்டும். விறகுப் புகை அடைத்த குளியலறை, வெந்நீர், உட்காரப் பலகை, காய்ந்த பீர்க்கங்காய் நார்.

"எத்தன தேச்சாலும் போவ மாட்டேங்குது பாரு இந்த அழுக்கு. எங்கதான் போயிப் பொரண்டுட்டு வருவியோ?" என்று பேசிக்கொண்டே தேய்ப்பார். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற அதே தேய்ப்பு. தோல் எரியும். கொஞ்ச நேரத்தில் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்க்கும்.

"ரத்தம் வந்தா கெட்டதெல்லாம் வெளியேறுதுன்னு அர்த்தம் சாமி. அழுவாத."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் முழந்தாளிட்டிருக்கும்போது சட்டைத் துணி கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தெடுத்தால் மறுபடி எரியும் என்று அப்படியே இருந்துவிடுவேன்.

பிறகு நாருக்குப் பதிலாகக் காப்பிச் சக்கை வந்தது. காப்பி விளைகிற ஊரில் சக்கைக்குப் பஞ்சமா? வடிகட்டி மிஞ்சியதில் சர்க்கரையைக் கலந்து தேய்த்தார். கொஞ்ச நாள் முன்பு இங்கே ஒரு ரிசார்ட்டில் இதையே 'காபி ஸ்க்ரப்' என்று போர்டு வைத்து டூரிஸ்ட்டுகளுக்குத் தேய்த்துவிட ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் பெரியம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா? நான் உனக்குச் சும்மாவே தேச்சுவுட்டேன். அவிங்க காசு குடுத்துத் தேச்சுக்கறாங்க!"

நானும் நம்பினேன். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என் உடம்பில் கழுவவே முடியாத ஓர் அழுக்கு இருக்கிறது, அது நான் சரியாகத் தேய்க்காததால்தான் போகவில்லை என்று வளர்ந்த பிறகும் நம்பினேன். கல்லூரி விடுதியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குளித்தேன். எந்தக் கல்யாணத்துக்கும் முழங்கை மறையும் ஜாக்கெட்தான். தையல்காரர் கேட்கக்கூட மாட்டார், அவரே நீளமாக வெட்டிவிடுவார்.

என் கைக்காக நான் ஒரு நாளும் மலை இறங்கியதில்லை. என் மகளுக்கு ஆறு வயதானபோது அவள் கையிலும் அதே பொரி எழும்பியது. அடுத்த பஸ்ஸில் அவளைத் தூக்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, சேலத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

அவர் என் மகளின் கையைப் பார்த்தார். பிறகு என் கையையும் நீட்டச் சொன்னார். முதல் கேள்வியே, "எதைப் போட்டுத் தேய்ப்பீங்க?" என்பதுதான். சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"தேய்க்கவே கூடாதுங்க. இது அழுக்கு இல்ல. ரோமம் முளைக்கிற குழியோட வாயில செத்த தோல் அடைச்சுக்குது, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது. குடும்பத்துல வரும். தேய்க்கத் தேய்க்க அதிகமாத்தான் ஆகும்."

குழந்தைக்கு மருந்தே வேண்டாம், குளித்ததும் ஈரம் காயும் முன் வாசனை இல்லாத கிரீம் தடவினால் போதும் என்றார். எனக்கு ஒரு லோஷன் எழுதினார். லாக்டிக் ஆசிட் கலந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரியில் தடவ வேண்டும். அடைத்திருக்கிற செத்த தோலை அது மெதுவாக இளக்கிவிடும், தேய்க்க வேலையே இல்லை. கீறல் இருந்தால் எரியும், அன்றைக்கு விட்டுவிட வேண்டும். வெயிலில் கையை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சன்ஸ்கிரீன் போட வேண்டும். அவசரப்படக் கூடாது. நிறுத்தினால் பொரி திரும்ப வரும்.

எல்லாம் சேர்த்து நான் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மேலே ஏறுகிற பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கினாள், எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவுதான் விஷயம் என்றால் என் சனிக்கிழமைகளை எல்லாம் யார் திருப்பித் தருவார்கள்?

லோஷன் லேசாகப் புளித்த வாடை அடித்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. இதுவும் ஏமாற்று வேலை என்று டாக்டரம்மாவையும் சேர்த்துத் திட்டினேன். மழைக்காலம் முடியப்போகிற சமயம் ஒரு ராத்திரி ஜாக்கெட் மாற்றும்போது தற்செயலாகக் கை பட்டது. என் கைதானா என்று மறுபடி தடவிப் பார்த்தேன். சிவப்புப் புள்ளிகள் அங்கங்கே இருந்தன, ஆனால் சொரசொரப்பு இல்லை. அந்த வாரமே போய்க் குட்டைக் கை ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தேன்.

ஜனவரியில் பெரியம்மாவின் கடைசி மகனுக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணுக்கு முன்னால் பூத் தூவிக்கொண்டு நடக்க என் மகள்தான் என்று முடிவாகி, கையில்லாத வெள்ளை ஃபிராக் எடுத்தோம். திங்கட்கிழமை கல்யாணத்துக்குச் சனிக்கிழமை சாயங்காலமே தலைச்சோலை போய்ச் சேர்ந்தோம். பையைப் பிரித்துத் துணியை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால் மகளைக் காணோம். பின்பக்கம் குளியலறையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

ஓடினேன். பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை ஏற்கெனவே செக்கச் செவேல் என்று ஆகியிருந்தது. "கண்ண மூடிக்க சாமி, அம்மாயி மெதுவாத்தான் தேய்க்கறேன்" என்று பெரியம்மா அடுத்த கையைப் பிடித்திருந்தார். என் மகள் அழவில்லை. என்னைப் பார்த்து, "அம்மா, என் கையி அழுக்காம்மா?" என்று கேட்டாள்.

நாரைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஈர நார் எரியாமல் புகைந்தது.

"புள்ள மேல கைய வெக்காதீங்க பெரீம்மா!"

"என்ன கண்ணு இது! போட்டோவுல கையி நல்லா இருக்கட்டும்னு பாத்தா..."

"அது அழுக்கில்லீங்க. டாக்டரம்மா சொல்லீட்டாங்க. எங்கையப் பாருங்க. தேய்க்காமயே எப்புடி இருக்குதுன்னு பாருங்க."

பெரியம்மா தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "அட, ஆமா. நொம்ப நல்லா இருக்குது. என்ன போட்ட?" என்று இறங்கி வந்தார். லோஷனைக் கொண்டுவந்து காட்டினேன். அங்கேயே நான் ஜெயித்திருப்பேன். ஆனால் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற என் கணவர், கதவோரம் நின்று பாட்டிலில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். "லாக்டிக் ஆசிட்."

"ஆசிட்டா!" என்று பெரியம்மா அலறினார்.

கல்யாண வீடு மொத்தமும் அதைக் கேட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கத்தியோடு எழுந்து வந்தார்கள்.

"அடிப்பாவி, பச்சப்புள்ளைக்கு ஆசிட் ஊத்தறியா?"

"புள்ளைக்கு இல்லீங்க, எனக்கு. புள்ளைக்கு வெறும் கிரீமுதானுங்க."

யார் காதில் விழுந்தது? ஆசிட் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் அத்தனை பேருக்கும் என் மேல் பரிதாபமும் பயமும் ஒன்றாக வந்துவிட்டது. அதே குளியலறை மூலையில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட் பாட்டில் இருந்தது. பெரியம்மா அதை வெறுங்கையால் எடுத்து ஊற்றுகிறவர். ரத்தம் வரத் தேய்க்கிற நார் பாசமாம், தோலை நோகாமல் இளக்குகிற மருந்து கொடுமையாம். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

"தயிரு புளிக்குதுல்லீங்க, அந்தப் புளிப்புத்தானுங்க இது. டாக்டருங்க அளவாக் கலந்து குடுக்கறாங்க" என்றேன்.

"அப்பறம் தயிரையே பூசிக்க வேண்டியதுதான? மோருக்கா போயி சேலத்துல காசு குடுத்துட்டு வந்த?" என்றார் பெரியம்மா.

வெங்காயக்காரர்கள் சிரித்தார்கள். நான் மகளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சிவந்த கைக்குக் கிரீம் தடவியபோது, "இது அழுக்கில்ல கண்ணு, நம்ம தோலே இப்புடித்தான். எனக்கும் இருக்குது" என்றேன். அவள் என் கையைத் தடவிப் பார்த்தாள்.

"உனக்குத்தான் இல்லியே?"

"மருந்து போடறதுனால அமுங்கியிருக்குது. நிறுத்துனா வரும்."

"வந்தா என்ன?"

கிரீம் மூடியைத் திருகி மூடினேன். "வந்தா ஒண்ணுமில்ல. துணி ஒரசாம இருந்தா எனக்கு நல்லா இருக்குது, அதுக்குப் போடறேன்" என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

ஞாயிறு முழுக்கப் பெரியம்மா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து வந்த ஜீப்புகள் எல்லாம் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தன, அவ்வளவு பனி. கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு ஸ்வெட்டரை நீட்டினார். "பனியா இருக்குது, புள்ளைக்கு எடுத்துக்க கண்ணு."

"இந்த ஊட்டுல ஸ்வெட்டருங்கற பேச்சையே யாரும் எங்கிட்ட எடுக்காதீங்க" என்று கத்திவிட்டு, குட்டைக் கை ஜாக்கெட்டோடு மகளைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். இரண்டு பேர் கையையும் ஊரே பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

பார்த்தார்கள். என் மகள் தலை நிமிர்ந்து பூத் தூவிக்கொண்டு நடந்தாள். பூசை முடிந்து எல்லோரும் வெளியே போட்டோவுக்கு நின்றோம். ஏரிப் பக்கமிருந்து காற்று சில்லென்று அடித்தது. போட்டோக்காரர் எங்களைத் தள்ளி நிற்கவும் நெருங்கி நிற்கவும் சொல்லிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற பெரியம்மா குனிந்து என் மகளின் கையைத் தொட்டார்.

"குளுருதா கண்ணு?"

என் வாழ்நாள் முழுக்க அவர் ஒருவர்தான் கேட்காமல் இருந்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அது குளுரு இல்லீங்க பெரீம்மா! எத்தன வாட்டி சொல்றது? அவ தோலே அப்புடி!" கல்யாணக் கூட்டம் முழுக்கத் திரும்பியது.

என் மகள் நிதானமாகச் சொன்னாள். "இந்தப் பொரி எப்பவுமே இருக்கும் அம்மாயி. ஆனா இப்ப நெசமாலுமே குளுருது."

உதடு நீலம் பாய்ந்திருந்தது. பெரியம்மா தன் பட்டுப் புடவைக்கு மேல் போட்டிருந்த சால்வையை உருவி அவளைக் கழுத்து வரை சுற்றினார். சுற்றிவிட்டு, இரண்டு நாளுக்குப் பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஆசிட்டு வாங்கத் தெரியுது, புள்ளைக்கு ஒரு ஸ்வெட்டரு எடுத்தாரத் தெரியலியா உனக்கு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் பல் தந்தியடித்தது.