கன்னத்துக்கு அடித்த வெள்ளை

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் இருப்பது உங்கள் முகம்தானா? எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்; இங்கே அவசரம் ஒன்றுமில்லை.

நகல் கடைக்காரியின் அக்கா வீட்டுச் சுவரில் அப்படிப் பதினொரு படங்கள். பதினொன்றிலும் அக்காவின் மகள். பள்ளியில் பரிசு வாங்கியது, செவிலியர் படிப்பை முடித்துச் சான்றிதழோடு நின்றது, எல்லாம் உண்டு. அவள் முகம் மட்டும் ஒன்றிலும் இல்லை. ஸ்டூடியோக்காரர் வாயைத் திறக்கும் முன்பே அக்கா சொல்லிவிடுவாள், கொஞ்சம் வெளுப்பாகப் போடுங்கள் என்று. அவரும் கை தாராளமான மனிதர். தோலில் இருக்கும் நிறமிக்கு வெயிலைத் தடுப்பதுதான் வேலை, குடும்ப மானத்தைக் காப்பதல்ல என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

தூரத்து நகரத்து மருத்துவமனையில் வேலை கிடைத்ததும், போய்ச் சேர நான்கு மாதம் இருக்கையிலேயே மகள் நேரே நகல் கடைக்குத்தான் போனாள். "சித்தி, நான் இருக்கற மாதிரியே ஒண்ணு போட்டுக் குடு. அங்க போயாவது என் மூஞ்சியை நான் பாத்துக்கறேன்."

சித்தி புள்ளிகளால் படம் போடுகிறவள். நிமிடத்துக்கு முப்பது பக்கம் துப்பும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மூக்கு நுனிக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வாள். கோடு கிடையாது. ஊசிமுனைப் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, மூச்சை விட்டுவிட்டு ஒரு புள்ளி. நிழலுக்கு நெருக்கம், வெளிச்சத்துக்கு விலகல், அவ்வளவுதான் சூத்திரம். கை அவசரப்பட்டால் புள்ளிக்கு வால் முளைத்துத் தலைப்பிரட்டையாகிவிடும். அன்றைக்குப் பேனாவை மூடிவிடுவாள். வைத்ததை அழிக்க வழியில்லை. தினமும் மாலையில் படத்தைக் கைபேசியில் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுவாள். "இது நேத்து போட்ட அதே படம்தானே?" என்று மாமா ஒருவர் தினமும் கேட்பார். முடிந்த படம் யாருடைய முகமோ அவர்களிடமே போய்விடும். தபால்காரரிடம் ஒன்று இருக்கிறது, தெரு கூட்டும் அம்மாளிடம் ஒன்று.

அக்கா மகளின் படம் நான்கு மாதம் வளர்ந்தது. முதல் மூன்று மாதம் அக்காவுக்கு ஏக சந்தோஷம். கண் வந்தது, புருவம் வந்தது, கன்னம் மட்டும் வெறுமையாக இருந்தது. வெற்றுத்தாள் அளவுக்கு அவள் மகளை யாரும் அழகாகக் காட்டியதில்லை. நான்காம் மாதம் கன்னம் நிரம்பியது. மகள் அந்த நகரத்துக்குக் கிளம்ப ஆறு நாள் இருக்கையில் அக்கா கடைக்கு வந்து நின்றாள்.

"ஏண்டி, என் பொண்ணு இவ்வளவு கறுப்பா?"

"உன்னை மாதிரிதான் இருக்கா."

"வச்சதுல கொஞ்சம் எடுத்துடேன்."

"எடுத்துக்கிட்டே போனா கடைசியில தாள்தான் மிஞ்சும், அக்கா."

அந்த நேரம் பார்த்து ஒருவர் இருநூறு பக்கக் கட்டோடு வந்தார். கடைக்காரி இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். மேசைமேல், விண்ணப்பத்தில் பிறந்த தேதியைத் தப்பாக எழுதிவிட்டு வருகிறவர்களுக்காக, ஒரு ஒயிட்னர் புட்டி இருந்தது. அக்கா அதைத் திறந்தாள். இருநூறு பக்கம் முடிவதற்குள் இரண்டு கன்னமும் முடிந்துவிட்டன. அன்பினால் செய்கிற அநியாயத்துக்கு மட்டும் கை நடுங்குவதே இல்லை.

கடைக்காரி சண்டை போடவில்லை. மாலையில் வழக்கம்போல் படத்தைக் குழுவில் போட்டாள். மாமா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளூர் மருத்துவமனையில் கடைசி வாரப் பணியில் இருந்த மகளிடமிருந்துதான் பதில் வந்தது: "என் கன்னத்துக்கு யாரு சுண்ணாம்பு அடிச்சது?" சற்று நேரம் கழித்து இன்னொன்று: "பன்னெண்டாவது படத்துலயும் நான் இல்லையாம்மா?"

மறுநாள் கடைக்காரி பிளேடு எடுத்து வெள்ளையைச் சுரண்டினாள். வெள்ளையோடு பாதிப் புள்ளிகளும் தாளின் வழவழப்பும் போயின. சொரசொரத்த தாளில் மை ஊறிப் பரவியது. ஒவ்வொரு புள்ளியும் இரட்டிப்பாக உப்பியது. ஐந்தாம் நாள் பார்த்தால் கன்னம் முன்னைவிடக் கறுப்பு. வெளுக்க வைத்த பலன்.

அக்கா வந்தாள். கடைக்காரி பேனாவை மூடிக்கொண்டு வசவுக்குத் தயாரானாள். அக்கா குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"இடது கண்ணுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் வை" என்றாள். "பொறந்தப்பவே அங்க அவளுக்குக் கறுப்பு கூட."

கடைக்காரி வைத்தாள். அக்கா சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்த முகத்தை அவ்வளவு துல்லியமாக அறிந்தவர் வேறு யாரும் இல்லை. அறிந்தேதான் பதினொரு முறை அழித்திருக்கிறாள்.

படம் மகளோடு நகரத்துக்குப் போய்விட்டது. அக்கா வீட்டுச் சுவரில் பதினொன்றும் இன்னும் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கண்ணின் கீழ்க் கறுப்புக்கு இறங்கி வந்தவள் சுவருக்கும் இறங்கி வர எத்தனை நாளாகுமோ தெரியாது. உங்கள் சுவருக்கு அவ்வளவு காலம் வேண்டாம். அந்தப் படத்தை இன்றே இறக்குங்கள். ஆணி அங்கேயே இருக்கட்டும். வெளுக்காத ஒன்றை எடுத்து அதில் மாட்டுங்கள்.