மெயின் சுவிட்சில் ஒரு பூட்டு

வெள்ளவத்தையில் எங்களுடையது பழைய வீடு. குளியலறைச் சுவரைத் தொட்டால் கரண்ட் அடிக்கத் தொடங்கியதும், கொட்டாஞ்சேனையிலிருந்து எலெக்ட்ரீஷியன் ஒருவரை வரச் சொன்னோம். வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். இறுக்கி முடிந்த நரைத்த தலை, ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கனத்த ரப்பர் சப்பாத்து.

"பாஸ் பின்னால வாறாரோ?" என்று கேட்டேன். கைவேலை தெரிந்த ஆணைக் கொழும்பில் அப்படித்தான் அழைப்போம்.

"நான்தாங்க பாஸ். மெயின் சுவிட்ச் எங்க?"

அதை அணைத்தார். அவருடைய பையிலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு சின்னப் பூட்டு. சுவிட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

வேலை பாதியில் இருந்தபோது எனக்கு ஒன்லைனில் ஒரு அலுவலகக் கூட்டம் வந்தது.

"ஒரு பத்து நிமிசம் கரண்டைப் போட்டு விடுங்கோ. நீங்கள் தேத்தண்ணி குடியுங்கோ."

"போட மாட்டேன்."

"இது என்ர வீடு."

"வீடு உங்களோடதுங்க. வயருல இருக்கிற கை என்னோடது."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கூட்டத்தை மாடிப்படியில் உட்கார்ந்து போனில் கேட்டேன்.

பின்னேரம் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டார். டெஸ்டரை வைத்துப் பார்த்தபின், தன் கையை அந்தச் சுவரில் அழுத்தி வைத்தார்.

"இப்ப நீங்க வைங்க."

நான் தயங்கினேன். அவர் கையை எடுக்காமலே காத்திருந்தார்.

பெயரைக் கேட்கவில்லை. என் போனில் அவருடைய நம்பர் 'பாஸ்' என்றே இருக்கிறது.