கை எட்டும் உயரம்

ஸ்டீபன் விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை ஒட்டிக் கேட்கிறார். உள்ளே வெறுமையாகக் கேட்டால் நகர்கிறார். கெட்டியாகக் கேட்கும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைக்கிறார். கும்மிடிப்பூண்டியில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாமே ஹாலோ பிளாக். பொந்துள்ள இடத்தில் ஸ்க்ரூ போட்டால் பலகை நிற்காது. கல்யாணமான புதிதில் அவர் மாட்டிய முதல் அலமாரி, மிளகாய்த்தூள் டப்பாவோடு மனைவி சுகிர்தாவின் காலடியில் விழுந்ததாம். போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டரும் ஸ்டீபன் முதுகை இப்படித்தான் தட்டிப் பார்த்தாராம்.

"செவுரு பரவால்ல தம்பி. நமக்குத்தான் ரெண்டு பக்கமும் அடைச்சிகினு கீது."

நான் பக்கத்து வீட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்த டிரில்லிங் சத்தத்துக்காகச் சண்டை போட வந்தவன், இப்போது பலகை பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வார்ப்படத் தொழிற்சாலையில் இரும்பை ஊற்றி வார்த்த அச்சு மண்ணைத் தட்டி உதிர்ப்பது அவர் வேலை. இருபது வருஷப் புழுதி நெஞ்சில் தங்கிவிட்டது, இனி மருந்தில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கம்பெனியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்கு வருவதில்லை. கோபப்படவும் மூச்சு வேண்டுமே.

பலகைகளும் அங்கிருந்து வந்தவைதான். மெஷின் வந்திறங்கிய பெட்டிகளை உடைத்து, கேட் பாஸ் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவை. உப்புத்தாள் போடும்போது மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொள்கிறார். அத்தனை வருஷம் வெறும் மூக்கோடு மண்ணில் நின்றவர், இந்தப் பிசாத்து மரத்தூளுக்குப் பயப்படுகிறார்.

ஸ்டீபன் ஆறடி. சுகிர்தா அவர் நெஞ்சுக்குத்தான் வருவார். வீட்டு அலமாரிகள் எல்லாம் ஸ்டீபன் தலை உயரத்தில்தான் இருந்தன. சர்க்கரை டப்பாவுக்குக்கூட அவரைக் கூப்பிட்டாக வேண்டும். சுகிர்தா இதற்காகத் திட்டாத நாளில்லை. "எட்டுற மாரி மாட்டிட்டா நம்மள யாரு கூப்புடுவா?" என்று ஸ்டீபன் சிரிப்பார்.

இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, கீழே இறக்கி மாட்டுகிறார். ஒரு துளை போட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார். ஏன் இறக்குகிறார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. திட்டிக்கொண்டிருந்த சுகிர்தாதான் மேலேயே இருக்கட்டும் என்று மன்றாடுகிறார்.

கடைசியாக அடுப்படி அலமாரி. கையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நிற்கச் சொன்னார். அரிசி களைந்த ஈரக்கையோடு சுகிர்தா வந்து நின்றார். விரல் நுனிக்குப் பென்சிலைக் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். சுகிர்தா சுவரைப் பார்த்தபடி நுனிக்காலில் எக்கி நின்றிருந்தார்.

"காலை ஊனி நில்லு."

சுகிர்தா அசையவில்லை. "எனுக்கு அங்கதான் வோணும். நீ எட்த்துக் குடு."

ஸ்டீபன் சுவரைப் பிடித்தபடி, நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கி, மெல்லத் தரையில் உட்கார்ந்தார். சுகிர்தாவின் குதிகால்களின் மேல் உள்ளங்கையை வைத்து, தரையில் படும்வரை அழுத்தினார். அந்தக் கையை எடுக்காமலே, மறுகையால் பென்சிலை என்னிடம் நீட்டினார்.