அத்தையின் எண்

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கிறது. நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கணவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. இரண்டு பேருக்கும் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். யார் எந்த நேரத்துக்கு வந்தாலும் கதவைத் திறந்துவிட அத்தை, அதாவது என் மாமியார், வீட்டில் இருப்பார்.

வாசல் கதவின் பழைய பூட்டுக்கு ஒரே சாவி. கடைத்தெருவில் மாற்றுச் சாவி போட்டுப் பார்த்தோம். உள்ளே போகும், திரும்பாது. அதனால் சாவி அத்தையின் இடுப்பிலேயே இருந்தது. அவருக்குக் காது மந்தமான பிறகு சிக்கல் ஆரம்பித்தது. நைட் டூட்டி முடிந்து காலையில் வந்து நான் தட்டிக்கொண்டே நிற்பேன். எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டு முடித்துவிட்டு, "இன்னும் தொறக்கலியாமா?" என்று கேட்பார்.

ஒருநாள் கணவர் ஸ்மார்ட் பூட்டு ஒன்று வாங்கி வந்தார். விரலை வைத்தாலும் திறக்கும், எண்ணை அழுத்தினாலும் திறக்கும் என்றார். ஆள் வைக்க வேண்டாம், நாமே மாட்டலாம் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை டிரில் மெஷினோடு உட்கார்ந்தோம்.

பெட்டியில் வந்த அளவுத்தாளைக் கதவில் ஒட்டி, துளை வர வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்தோம். ஒரே பக்கமிருந்து துளைத்தால் மறுபக்கம் மரம் பிய்ந்துவிடும் என்று, வெளியிலிருந்து பாதி, உள்ளிருந்து பாதி துளைத்தார். நான் கதவு அசையாமல் பிடித்துக்கொண்டேன். அத்தை ஒதுங்கி உட்கார்ந்து, "நல்ல வேங்கை மரம்டா. ஓட்டை போட்டுட்டு அப்புறம் அடைக்க முடியாது" என்றார்.

"தெரியும்மா" என்றார் இவர். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

பூட்டை மாட்டி, கதவு நிலையில் தாழ் நுழைவதற்கான தகடும் அடித்தாயிற்று. பொத்தானை அழுத்தினால் தாழ் பாதி வெளியே வந்து தகட்டில் முட்டி நின்றது. பூட்டு 'கீ கீ' என்று கத்தியது. கழற்றினோம், மாட்டினோம், மறுபடியும் கத்தல். இவர் அளவுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது.

அத்தை எழுந்து வந்து, கைப்பிடியைப் பிடித்துக் கதவை லேசாகத் தூக்கினார். "இப்ப அழுத்து" என்றார். தாழ் சுலபமாக உள்ளே போனது.

"நான் தெனம் இப்படித் தூக்கித்தானே சாத்தறேன்" என்றார்.

கதவு தொங்கியிருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் சாத்தியதே இல்லையே. மேல் கீலில் திருகாணிகள் பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. இவர் ஓட்டைகளில் தீக்குச்சிகளைப் பசை தடவிச் செருகி, காயவிட்டு, நீளமான திருகாணிகளாகப் போட்டு முடுக்கினார். சாயங்காலம் கதவை ஒற்றை விரலால் தள்ளினேன். சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது, பூட்டும் கத்தவில்லை. இவர் அதை வேண்டுமென்றே நாலைந்து முறை திறந்து மூடினார்.

அடுத்து விரல் ரேகை. என்னுடையதும் இவருடையதும் உடனே பதிந்தன. அத்தையின் விரலை மட்டும் பூட்டு ஏற்கவில்லை. கலியாணமான நாளிலிருந்து தறிக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்தவர். விரல் நுனிகள் வழவழவென்று இருக்கும்.

"ரேஷன் கடையிலயும் இதே கதைதான். வுடுப்பா, நீங்க ரெண்டு பேரும் வெச்சிக்கினா போதும்" என்று உள்ளே போகப் பார்த்தார்.

நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "உங்களுக்கு நம்பர் வைக்கலாம் அத்தை. என்ன நம்பர் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சொல்ல மாட்டேன். நானே போடறேன்" என்றார்.

இவர் சிரித்துக்கொண்டே போனில் பூட்டின் ஆப்பைத் திறந்து அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றார். நானும் திரும்பிக்கொண்டேன். அத்தை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். பிறகு வெளியே போய், எங்களைக் கதவை மூடச் சொல்லி, தானே திறந்துகொண்டு உள்ளே வந்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி. அந்த எண் என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த வாரமே ஒருநாள் டூட்டி முடிந்து வந்து விரலை வைத்துத் திறந்தேன். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பு மேடையில் இட்லி மூடி வைத்திருந்தது. கொல்லைப்பக்கமும் போய்ப் பார்த்தேன். அத்தைக்குப் போன் செய்தேன்.

"திருப்பருத்திக்குன்றத்துல தங்கச்சி வீட்ல இருக்கேன்மா. ஆட்டோல வந்தேன். நீ சாப்ட்டுட்டுத் தூங்கு" என்று சத்தமாகப் பேசினார். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அவர் விசேஷ நாளில் மட்டுமே போய் வந்ததும், அந்த நாட்களிலும் யார் ஷிப்ட் எப்போது முடிகிறது என்று கேட்டுவிட்டுப் போனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கலியாணமாகி வந்த பிறகு அந்த வீட்டில் நான் தனியாக இருந்தது அன்றுதான். இட்லியைத் தின்று, டீ போட்டுக் குடித்து, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அப்படியே தூங்கிப் போனேன்.

கண் விழித்தபோது அத்தை கூடத்தில் உட்கார்ந்து ஒரு பை கத்திரிக்காயைக் கொட்டிக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுத் தோட்டத்துக் காய்.

"வியாழக்கிழமையும் வரச் சொல்லிக்கீறா. அன்னைக்கு நீயே கொழம்பு வெச்சிக்கோமா" என்றார்.

சரி என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து காயை நறுக்கினோம்.