கடைசி அத்தியாயத்தைக் கிழித்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போகும் மின்ரயிலின் பெண்கள் பெட்டியில் தினமும் ஒரு அக்கா என் எதிரே உட்காருவார். நரைத்த குட்டை முடி, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். பெண்ணைப் பெண் காதலிக்கும் தொடர்கதை வார இதழ்களில் எப்போதாவதுதான் வரும். வந்தால் விடமாட்டார், பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்துவிடுவார். "படி" என்று ஒன்றை என் மடியில் போட்டார்.

படித்தேன். கடைசி அத்தியாயத்தைக் காணோம்.

"நீங்களே கிழிச்சீங்களாக்கா?"

"கிழிக்காம? ரெண்டு பொண்ணுங்க சந்தோஷமா இருந்தா எழுதறவனுக்கு இன்னா பேஜாரோ! ஒருத்திய கெணத்துல தள்ளிடறான், இல்லாட்டி எவனையாவது புடிச்சி தாலி கட்ட வெச்சிடறான். அத்த நான் பத்திரமா பைண்டு பண்ணி வெக்கணுமா?"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

இரண்டு வருடம் அவர் கொடுத்ததையெல்லாம் படித்தேன். நான் ஒருத்தியைக் காதலிப்பதை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். பிறகு ஒருநாள், வீட்டில் முடிவு செய்த என் கல்யாணத்தின் பத்திரிகையை அவரிடமே நீட்டினேன். மாப்பிள்ளையின் பெயர்வரை வாசித்தார்.

அத்தனை கதைகளின் முடிவைக் கிழித்தவர், இந்தப் பத்திரிகையை மட்டும் கிழிக்காமல் மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர்மேல் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.